காடு சுருங்கினால் பறவையின் வட்டாரப் பாட்டு என்ன ஆகும்?

பினாங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: தெலுக் பஹாங் காட்டோரம் பாடும் முராய் பத்துப் பறவையும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் கேட்ட முராய் பத்துவும் ஒன்றுபோல் பாடவில்லையே, காடு குறையக் குறைய இந்த வித்தியாசம் கூடுமா, குறையுமா? ஆஸ்திரேலியாவில் ஒரு பறவை தன் பாட்டையே மறந்துவிட்டது என்று ஏதோ காணொளியில் பார்த்தாராம். அது இங்கேயும் நடக்குமா, நடந்தால் பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் குஞ்சுகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா என்றும் கேட்கிறார். பல கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு பறவையின் பாட்டு எங்கே இருக்கிறது? அதன் உடம்பிலேயேவா, அல்லது அதைச் சுற்றிப் பாடிக்கொண்டிருக்கும் மற்றப் பறவைகளிடமா? இது தெளிவானால் மற்றவை தானாக வரிசையில் வந்து நிற்கும்.

நான் விலங்கியல் படித்தவன். பறவைக் குரல்களைப் பதிவுசெய்து, அவற்றை ஒலி வரைபடமாக மாற்றி அளந்து பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. கோலாலம்பூரில் அதைத்தான் மாணவர்களுக்கும் சொல்லித்தருகிறேன். அதனால் இந்தப் பதிலில் சில இடங்களில் உறுதியாகப் பேசுவேன், சில இடங்களில் இழுப்பேன். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. எல்லாப் பறவைகளும் பாட்டைக் கற்றுக்கொள்வதில்லை. கேட்டுக் கற்றுக்கொள்ளும் திறமை மூன்று பெருங்கூட்டங்களிடம்தான் நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது: பாடும் பறவைகள் என்று தனியாக வகைப்படுத்தப்படும் சிறு பறவைகள், கிளிகள், அமெரிக்காவின் தேன்சிட்டு போன்ற ஹம்மிங் பறவைகள். குயிலுக்கு அது கிடையாது. கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் விடியற்காலையில் தூக்கத்தைக் கெடுக்கும் குயில் காக்கைக் கூட்டில் வளர்ந்தது. அந்தக் காக்கையே இலங்கையிலிருந்து காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காகக் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது என்பது இன்னொரு கதை. பிறந்ததிலிருந்து காக்கையின் கரைதலை மட்டுமே கேட்டு வளர்ந்தும், பருவம் வந்ததும் குயில் குயிலாகத்தான் கூவுகிறது. அதன் பாட்டு உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இருவாச்சி, புறா, மரங்கொத்தி, காட்டுத் தரையில் துள்ளும் பிட்டா எல்லாம் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். இவற்றில் ஊருக்கு ஊர் குரல் மாறினால், பரம்பரையில் மாற்றம் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். காடு அழிந்தால் இவை செத்துப்போகும், ஆனால் பாட்டை மறக்காது.

முராய் பத்து, முராய் கம்போங், சின்னான்கள், சிரிப்பான்கள், மைனா எல்லாம் அந்தப் பக்கம், கற்றுக்கொள்ளும் பக்கம். தமிழ்நாட்டில் முராய் பத்துவைச் சோலைபாடி என்றும் முராய் கம்போங்கைக் குண்டுக்கரிச்சான் என்றும் சொல்வார்கள். 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தார்ப் என்பவர் சாஃபின்ச் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் சத்தமே படாமல் வளர்த்துப் பார்த்தார். அவை பாடின, ஆனால் அரைகுறையாக, தட்டையாக. அவருடைய மாணவர் பீட்டர் மார்லர் கலிபோர்னியாவுக்குப் போய், வெண்தலைக் கோடு கொண்ட ஒரு குருவியை எடுத்துக்கொண்டார். சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலே அந்தக் குருவிக்கு வட்டார வழக்கு மாறுகிறது. குஞ்சு பொரித்த பத்தாம் நாள் முதல் ஐம்பதாம் நாள் வரை எந்தப் பாட்டைக் கேட்கிறதோ, அடுத்த வருடம் அந்தப் பாட்டைத்தான் பாடுகிறது என்பது அவரும் உடன் வேலைசெய்தவர்களும் வந்த முடிவு. பிறகு லூயிஸ் பாப்டிஸ்டாவும் லூயிஸ் பெட்ரினோவிச்சும் அதைக் கொஞ்சம் மாற்றினார்கள். ஒலிநாடாவிலிருந்து கற்காத வயதிலும், எதிரே உயிருள்ள பறவை இருந்தால் குஞ்சு கற்றுக்கொள்கிறது. எதிரே இருப்பது வேறு இனம் என்றாலும் சில நேரம் அதன் பாட்டையே எடுத்துக்கொள்கிறது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்திரேலியக் கதைக்கு அது தேவைப்படும்.

ஆக வட்டாரப் பாட்டு என்பது, ஒரு குஞ்சின் காது எட்டும் தூரத்துக்குள் யார் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதன் பதிவு. காடு அழியும்போது மாறுவது அந்தத் தூரமும் அந்த ஆட்களும்தான். ரப்பர்த் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலிலும் அதற்குப் பின் தோட்டங்கள் கலைந்தபோதும் நம் ஆட்கள் ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குக் குடிபோனார்கள், கும்மிப் பாட்டு தெரிந்த பாட்டி ஓரிடத்திலும் கற்றுக்கொள்ள வேண்டிய பேத்தி வேறிடத்திலும் போய்ச் சேர்ந்தார்கள். இருவரும் உயிரோடுதான் இருந்தார்கள், பாட்டுதான் கைமாறவில்லை. பறவைக்கும் அதே கணக்குதான்.

இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத ஒன்று வருகிறது. காடு துண்டுபடத் தொடங்கும்போது வட்டார வித்தியாசம் பெரும்பாலும் குறைவதில்லை, கூடுகிறது. ஸ்பெயினில் டூபாண்ட் வானம்பாடி என்ற பறவை, புதர்க்காட்டுச் சமவெளிகளில் இருப்பது. விவசாயம் பரவி அந்தச் சமவெளிகள் தீவு தீவாகிவிட்டன. பாவொலா லையோலோவும் ஹோசே தெல்லாவும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். துண்டுபட்ட இடங்களில் பக்கத்துப் பக்கத்து ஆண் பறவைகள் ஒன்றையொன்று அதிகமாகப் பிரதி எடுத்தன. தள்ளியிருக்கும் திட்டுகளுக்கு இடையே ஒற்றுமை சட்டென்று விழுந்தது. அதாவது ஒவ்வொரு திட்டும் தனக்கென்று ஒரு வழக்கை வைத்துக்கொண்டது, அதே சமயம் அந்தத் திட்டுக்குள் பாட்டின் வகைகள் சுருங்கின. 2008இல் அவர்கள் குழு வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தத் திட்டில் பாட்டு வகை குறைவாக இருந்ததோ அந்தத் திட்டில் பறவைகளின் எண்ணிக்கையும் சரிந்துகொண்டிருந்தது. பாட்டு குறைந்ததால் பறவை குறைந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாத இடத்தில், பாட்டைக் கேட்டே நோயை ஊகிக்கலாம் என்பது பெரிய விஷயம்.

அதனால், 'எங்கள் காட்டு முராய் தனி மாதிரி பாடுகிறது' என்பதைப் பெருமையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பல தலைமுறை வாழ்ந்து வளர்த்த வளமான வழக்காகவும் அது இருக்கலாம், வெளியிலிருந்து யாரும் வராததால் நான்கைந்து சொற்றொடர்களைத் திரும்பத் திரும்பப் பாடும் தனிமையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வித்தியாசம் எவ்வளவு என்பதோடு, ஒரே காட்டுக்குள் எத்தனை வகை இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

சரி, ஆஸ்திரேலியா. அந்தப் பறவையின் பெயர் ரீஜெண்ட் ஹனீட்டர். கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும், யூகலிப்டஸ் பூக்கும் இடம் தேடி அலையும் தேன்குடிப் பறவை. ஒரு காலத்தில் அடிலெய்ட் பக்கத்திலிருந்து குவீன்ஸ்லாந்து வரை பெருங்கூட்டமாகத் திரிந்தது. அது வாழ்ந்த காடு வளமான மண்ணில் இருந்ததால் விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் அதைத்தான் முதலில் வெட்டினார்கள். மிச்சமிருந்த திட்டுகளில் நாய்சி மைனர் என்ற முரட்டுப் பறவை குடியேறி மற்றவற்றைத் துரத்தியது. இப்போது காட்டில் இருப்பவை சில நூறுதான் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு, அதுவும் பெரிய நிலப்பரப்பில் சிதறி. ராஸ் கிரேட்ஸ் தலைமையிலான குழு 2015 முதல் 2019 வரை பதிவுசெய்த பாட்டுகளைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு 2021இல் முடிவை வெளியிட்டது. ஆண் பறவைகளில் 27 சதவீதம் தங்கள் வட்டாரத்துப் பாட்டிலிருந்து விலகிப் பாடின. 12 சதவீதம் தங்கள் இனத்தின் பாட்டையே பாடவில்லை, ஃப்ரையர்பேர்ட், வாட்டில்பேர்ட், கரவாங் என்று அக்கம்பக்கத்து வேற்றினப் பறவைகளின் பாட்டைப் பாடின. தன் இனத்து மூத்த ஆண் ஒன்றும் காதில் விழாமல் வளர்ந்தவை அவை. பாப்டிஸ்டாவின் குருவிகள் கூண்டில் செய்ததை இவை காட்டில் செய்தன.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது எண்ணிக்கை அல்ல. விலகிய பாட்டு எங்கே அதிகம் என்பதுதான். அக்கம்பக்கத்தில் மற்ற ஆண்கள் குறைவாக இருந்த இடங்களில்தான் விலகல் அதிகம். அப்புறம், அப்படிப் பாடிய ஆண்களுக்குத் துணை கிடைப்பதும் கூடு கட்டுவதும் குறைவாக இருந்தது. பறவை குறைந்ததால் பாட்டு சிதைகிறது, பாட்டு சிதைவதால் துணை கிடைப்பது குறைகிறது, அதனால் பறவை இன்னும் குறைகிறது. இந்தச் சுழல் நடக்கக்கூடியது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆனால் துணை கிடைக்காததற்குப் பாட்டு மட்டும்தான் காரணமா என்பதில் நான் கையை இறுக்கித்தான் எழுதுவேன். பறவைகள் குறைவான இடத்தில் தனியாக இருக்கும் ஆணுக்கு, என்ன பாடினாலும் பெண் கண்ணில் படுவதே அரிதாயிற்றே. அந்தக் குழுவும் இதைக் கணக்கில் எடுக்க முயன்றிருக்கிறது. இருந்தாலும் இருக்கும் சில நூறு பறவைகளை வைத்து இரண்டையும் முழுதாகப் பிரித்துவிட முடியாது.

'மறந்துவிட்டது' என்ற காணொளிச் சொல்லில் இன்னொரு குழப்பமும் உண்டு. மறந்தது எது? இனத்தின் பொதுவான பாட்டா, வட்டாரத்தின் சிறப்பான பாட்டா? இரண்டின் கதியும் வேறு. 2009இல் வந்த ஓர் ஆய்வில், தனிமையில் வளர்ந்து கோணலாகப் பாடிய ஸீப்ரா ஃபின்ச் ஆண்களை ஆசிரியராக வைத்து அடுத்த தலைமுறையை வளர்த்தார்கள். குஞ்சுகள் அந்தக் கோணலை அப்படியே எடுக்காமல் கொஞ்சம் திருத்திப் பாடின. மூன்று நான்கு தலைமுறையில் பாட்டு ஏறக்குறைய காட்டுப் பறவையின் பாட்டுக்கே திரும்பிவிட்டது. பாட்டின் எலும்புக்கூடு உடம்பில் இருக்கிறது, வாய்ப்புக் கிடைத்தால் அது மறுபடி எழுந்து நிற்கும் என்று அதற்குப் பொருள். ஆனால் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் இருந்த திருப்பம், கடைசியில் வைக்கும் அந்த ஒரு சொடுக்கு, அது எந்த உடம்பிலும் இல்லை. கடைசிப் பாடகன் போனால் அது போயிற்று. அழிந்துவரும் இனத்தைக் கூண்டில் பெருக்கிக் காட்டில் விட்டால் பறவை திரும்பலாம். வட்டார வழக்கு அப்படித் திரும்பாது, வேறொன்றுதான் முளைக்கும்.

முளைப்பதும் வேகமாகத்தான் முளைக்கிறது. நியூசிலாந்தின் வடக்குத் தீவுச் சேடில்பேக், மவோரி மக்கள் டீயெக்கே என்று சொல்வது, எலிகளாலும் மரநாய் வகைகளாலும் அழிந்து 1960களின் தொடக்கத்தில் ஹென் தீவு என்ற ஒரே தீவில்தான் மிச்சமிருந்தது. 1964 முதல் அங்கிருந்து சில சில பறவைகளாக மற்றத் தீவுகளுக்கு எடுத்துப்போய் விட்டார்கள். ஐம்பது வருடத்துக்குள் தீவுக்குத் தீவு பாட்டு பிரிந்துவிட்டது. ஒரு தீவுக்குப் போன முதல் சில பறவைகள் எதைப் பாடினவோ, அதுவே அந்தத் தீவின் அடித்தளம். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள், பிரிந்து அரை நூற்றாண்டுகூட அப்போது ஆகியிருக்கவில்லை, ஆனாலும் கேட்டால் வேறு ஊர்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. சோலைக்காடுகளில் மட்டும் வாழும் ஒரு சிறிய நீலப் பறவை, பழைய பெயர் வெண்வயிற்று ஷார்ட்விங். 2017இல் அதற்கு ஷோலிகோலா என்று சோலையின் பெயரிலேயே தனிப் பேரினம் கொடுத்தார்கள். மலை உச்சிகளில் மட்டும் இருப்பதால் ஒவ்வோர் உச்சியும் அதற்கு ஒரு தீவு. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் போன்ற பள்ளங்கள் பல இலட்சம் ஆண்டுகளாகப் பிரித்து வைத்த தீவுகள் சில. தேயிலையும் மற்றத் தோட்டங்களும் வந்து அண்மைக் காலத்தில் பிரித்த தீவுகள் சில. சேதனா புருஷோத்தமும் வி. வி. ராபினும் ஆறு இடங்களில் 38 பறவைகளின் 835 பாட்டுகளை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். மூன்று பெரிய பாட்டுக் கூட்டங்கள் தெரிந்தன. பழைய பள்ளத்தாக்குகள் பிரித்த இடங்களில் பாட்டின் எந்தக் கூறுகள் மாறியிருந்தனவோ, அண்மைக் காடழிப்பு பிரித்த இடங்களில் மாறியிருந்தவை அதே கூறுகள் அல்ல. காடழிப்பு, இயற்கை செய்வதையே வேகமாகச் செய்யவில்லை, வேறொன்றைச் செய்கிறது. என் மாணவர்களிடம் இந்தக் கட்டுரையைத்தான் முதலில் வாசிக்கக் கொடுப்பேன். 'காடு துண்டுபட்டால் புது இனம் உருவாகும், நல்லதுதானே' என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். அந்தக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

இப்போது சந்தேகமான பக்கத்துக்கு வருகிறேன். பாட்டு மாறியிருந்தால் அதற்குக் கற்றல் சங்கிலி அறுந்ததுதான் காரணம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அடர்ந்த காட்டில் இலைகளில் மோதி எதிரொலிப்பதால், தாழ்ந்த சுருதியில் இழுத்துப் பாடுவது தூரம் போகும். திறந்த வெளியில் வேகமான நடுக்கங்கள் கேட்கும். காடு செம்பனைத் தோட்டமானால் பாட்டும் மாற வேண்டும் என்பது 1970களிலிருந்து இருக்கும் கருத்து. கேட்க நியாயமாக இருக்கிறது. அளந்து பார்த்தவர்களுக்குச் சில இனங்களில் அது தெரிகிறது, பலவற்றில் மங்கலாகத்தான் தெரிகிறது. நகரச் சத்தத்தின் கதை இதைவிட உறுதியானது. நெதர்லாந்தின் லைடன் நகரில், சத்தம் அதிகமான தெருக்களில் பட்டாணிக்குருவி வகை ஒன்று கீழ்ச்சுருதியைத் தவிர்த்து மேலே பாடுவதை 2003இல் காட்டினார்கள். 2020இல் கோவிட் ஊரடங்கில் சான் பிரான்சிஸ்கோ அடங்கியபோது, மார்லர் ஆராய்ந்த அதே இனத்துக் குருவிகள் மெல்லிய குரலில், அகன்ற சுருதி வீச்சில் பாடத் தொடங்கின. சில மாதங்களில் மாறுவது இது. தலைமுறைக் கணக்கே இல்லை. கோலாலம்பூர்ப் பக்கத்துக் கெப்போங் காட்டோரத்தில் நெடுஞ்சாலை இரைச்சலுக்கு நடுவே பதிவான ஒரு முராயையும் தாமான் நெகாராவின் குவாலா தஹானில் ஆற்றோரம் பதிவான ஒன்றையும் ஒப்பிட்டால், பாதி வித்தியாசம் லாரிகளால் வந்ததாக இருக்கலாம்.

காடு நின்றுகொண்டே பாட்டு தேய்வதும் உண்டு. ஹவாயின் கவாய் தீவில் மலேரியாவைப் பரப்பும் கொசுக்கள் மலை மேலே ஏற ஏறத் தேன்குடிப் பறவைகள் சரிந்தன. 1970களிலிருந்து இருக்கும் பதிவுகளை ஒப்பிட்டவர்கள், மூன்று இனங்களின் பாட்டு எளிமையாகிவிட்டதையும், அவை ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கியதையும் 2019இல் வெளியிட்டார்கள். அங்கே மரம் இருக்கிறது. பாட ஆளில்லை.

நம் நாட்டில் இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முராய் பத்து உலக அளவில் இன்னும் அழியும் நிலைப் பட்டியலில் மேலே ஏறவில்லை. ஆனால் பிடித்துக் கூண்டிலடைத்து விற்பதால் அது கேட்ட இடங்களில் இப்போது கேட்பதில்லை. பாராவ்-பாராவ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மஞ்சள்தலைச் சின்னான் இன்னும் மோசம். ஆற்றோரங்களில் இணையாகவும் குடும்பமாகவும் சேர்ந்து பாடும் பறவை அது, இந்தப் பக்கத்திலேயே அதைப்போல் பாட ஆளில்லை என்பது என் சொந்தத் தீர்ப்பு. 2018இல் அதை மிக மோசமாக அழியும் நிலையில் உள்ளது என்று வகைப்படுத்தினார்கள். ஜாவாவிலும் தாய்லாந்திலும் அது இல்லாமலே போய்விட்டது. காடு மிஞ்சியிருக்கும் பல இடங்களிலும் அது இல்லை. நன்றாக இருக்கும் இடம் எது தெரியுமா? சிங்கப்பூர். புலாவ் ஊபினிலும் நகரத்துப் பூங்காக் காடுகளிலும் 200க்கு மேல் இருக்கின்றன. காடு கொஞ்சம்தான், ஆனால் கண்ணி வைக்க ஆளில்லை. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையான சைட்டீஸின் மாநாடு 2022 நவம்பரில் பனாமாவில் நடந்தபோது, பாராவ்-பாராவ் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு ஏற்றப்பட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிந்து முராய் பத்துவும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது.

கற்றல் சங்கிலியின் பார்வையில், கண்ணி மரம் வெட்டுவதைவிடக் கொடியது என்று நினைக்கிறேன். மரம் வெட்டினால் எல்லாப் பறவையும் சேர்ந்து போகும். கண்ணிக்காரன் தேடுவது நன்றாகப் பாடும் ஆணை, அதாவது குஞ்சுகளுக்கு ஆசிரியராக இருந்திருக்க வேண்டிய ஆளை. காட்டுக்குள் சாலை போட்டால்தான் அவன் உள்ளே வர முடியும் என்பதால் காடழிப்பும் கண்ணியும் கையோடு கைதான் வருகின்றன. இது என் ஊகம்தான், ஆனால் வேலைசெய்யும் விதத்தைப் பார்த்து வரும் ஊகம். கூண்டுப் பறவை வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும் என்பது வேடிக்கை. போட்டிக்கு விடும் முராய்க்கு மற்றப் பறவைகளின் குரலைப் பதிவில் போட்டுக் கேட்க வைத்துப் பாட்டை நிரப்புவது அவர்களுக்குப் பழைய வித்தை. அப்படிப் பயிற்சி பெற்றது தப்பியோ, இரக்கப்பட்டு யாரோ திறந்துவிட்டோ, காட்டுக்குள் போனால் அங்கேயுள்ள குஞ்சுக்கு அதுவும் ஓர் ஆசிரியர்தான்.

இனி நீங்கள் கேட்ட இரண்டு முராய்கள். பினாங்கு மலையைச் சேர்ந்த காடு 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது, தெலுக் பஹாங்கின் தேசியப் பூங்காவும் அதற்குள்தான் வருகிறது. ஆனாலும் அது கடல் சூழ்ந்த தீவில், நகரம் இரு பக்கமும் நெருக்கும் காடு. தாமான் நெகாராவோடு அதற்குப் பறவைப் போக்குவரத்து இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இரண்டு இடத்துப் பாட்டும் வேறாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அந்த வித்தியாசமா என்றால், இரண்டு பறவையை வைத்துச் சொல்ல முடியாது. முராய் பத்து ஒரே பாட்டைப் பாடும் பறவை இல்லை. ஒவ்வோர் ஆணும் பெரிய கையிருப்பு வைத்திருக்கும், கேட்டதைக் களவாடும், மனநிலைக்கு ஏற்ப மாற்றும். ஒரே காட்டிலேயே இரண்டு ஆண்கள் இவ்வளவு வேறுபடலாம். ஓரிடத்தில் பல ஆண்களை, ஒவ்வொன்றையும் நீண்ட நேரம் பதிவுசெய்து, எல்லாவற்றிலும் பொதுவாக வரும் சொற்றொடர்கள் எவை என்று பார்த்தால்தான் 'இது பினாங்குப் பாட்டு' என்று சொல்லலாம்.

காடு இன்னும் குறைந்தால் கூடுமா, குறையுமா? என் பதில்: முதலில் கூடும், அதே சமயம் ஒவ்வொரு காட்டுக்குள்ளும் பாட்டு ஏழையாகும். ஆட்கள் இன்னும் குறைந்து ஒருவர் காதுக்கு ஒருவர் எட்டாத நிலை வந்தால், வட்டாரம் என்ற ஒன்றே கலைந்து ஒவ்வொரு பறவையும் தன் போக்கில் பாடும். முதல் கட்டத்துக்கு ஸ்பெயின், இரண்டாவதற்கு ஆஸ்திரேலியா. எல்லா இனமும் இந்தப் பாதையில்தான் போகும் என்று சட்டம் எதுவும் இல்லை. அப்பாவிடமே கற்றுக்கொள்ளும் இனமும், வெகுதூரம் பறந்து போய் குடியேறிய பிறகு பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொள்ளும் இனமும் ஒரே மாதிரி பாதிக்கப்படாது. பின்னதுதான் தனிமையில் சீக்கிரம் உடையும்.

ஒலிப்பதிவைப் போட்டுக் கற்றுக்கொடுப்பது பற்றி. கூண்டில் பெருக்கிக் காட்டில் விடும் பறவைகளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்கத்தான் செய்கிறார்கள், சிட்னியின் டாரோங்கா விலங்குக்காட்சியகத்தில் ரீஜெண்ட் ஹனீட்டருக்கு நடந்தது அதுதான். கூண்டில் பிறந்தவை காட்டுப் பாட்டைப் பாடவில்லை. காட்டிலிருந்து கொண்டுவந்த ஆண்களை ஆசிரியராக வைத்து, ஓர் ஆசிரியருக்கு இத்தனை குஞ்சு என்று வகுப்பைச் சிறிதாக்கிய பிறகு மூன்று வருடத்தில் காட்டுப் பாட்டைக் கற்ற குஞ்சுகள் பூஜ்யத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தன. ஒலிபெருக்கி உயிருள்ள ஆசிரியருக்கு ஈடாகாது என்பது பாப்டிஸ்டா காலத்திலிருந்து தெரிந்ததுதான். ஆனால் அது விலங்குக்காட்சியகத்தில், கணக்குப்பார்த்துச் செய்யும் வேலை. நீங்கள் தெலுக் பஹாங் காட்டுக்குள் போய்க் கைப்பேசியில் முராய் பாட்டைப் போட்டால் எந்தக் குஞ்சும் கற்றுக்கொள்ளாது. அங்கிருக்கும் ஆண், எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டுச் சண்டைக்கு வரும். கண்ணிக்காரர்கள் செய்வதும் இதையேதான். தயவுசெய்து வேண்டாம்.

பாட்டைப் போடாமல், பதிவுசெய்து வையுங்கள். நல்ல மைக்ரோபோன் இல்லாவிட்டால் பரவாயில்லை, கைப்பேசியே போதும். எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் வடிவத்தில் பதிவுசெய்யும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். காலை 7 மணிக்கு முன்னால் போனால் சாலை இரைச்சல் குறைவு. ஒரு பறவையைக் குறைந்தது ஐந்து நிமிடம், இடையில் நிறுத்தாமல் எடுங்கள். முடிந்ததும் அதே பதிவிலேயே தேதி, நேரம், இடம், பக்கத்தில் வேறெது பாடியது என்று உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரல் தொலையாது. ஸீனோ-கான்டோ, கார்னெல் பல்கலைக்கழகத்தின் மக்காலே நூலகம் இரண்டும் பொதுமக்களின் பதிவுகளை ஏற்றுக்கொள்கின்றன. முராய் பத்து, பாராவ்-பாராவ் என்றால் மட்டும் சரியான இடத்தை முகநூலிலோ வாட்சாப் குழுவிலோ போடாதீர்கள். யாராவது கண்ணி வைத்திருப்பதைப் பார்த்தால் நீங்களே அவிழ்க்கப் போகாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள்.